அசோசியேஷன் வாங்கிய ஆரஞ்சுப் பெட்டி

மார்ச் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் பெயின்ட்டுக்கும் கை தூக்கிவிட்டு வந்தவன் நான். நேற்றுதான் எழுந்து பேசினேன். கிடைத்த மரியாதையை எழுதி வைக்கிறேன்.

மழை நாட்களில் அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக பேட்டரி இறங்கி மக்கர் செய்தன. அவசரத்துக்குப் பொதுவாக ஒரு சாதனம் வாங்கி வைக்கலாம் என்றார் செயலாளர். அவர் வாழ்நாளில் உதித்த ஒரே நல்ல யோசனை. அதையும் கெடுக்க அவரே போதும்.

ஜம்பர் கேபிள் போதும், தடித்த செம்புக் கம்பியாக இருக்கட்டும், பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்றேன். அவர் போனில் ஒரு கையடக்கப் பெட்டியைக் காட்டினார். ஆரஞ்சு நிறம்.

"இது தனியாவே ஸ்டார்ட் பண்ணிடும் சார். மூவாயிரம் ஆம்பியர்னு போட்டிருக்கு."

"போடறதுக்கென்ன, என் நெத்தியில மந்திரின்னுகூட போட்டுக்கலாம். அது கண் சிமிட்டுற நேரத்துக்கு வர்ற அளவு."

"சார், பெல் அடிச்சாச்சு. உக்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பௌதிகம் கற்பித்தே முடி நரைத்தவனைப் பார்த்து! அதிகம் சிரித்தது எதிர்வீட்டுப் பல் டாக்டர். என் காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு "தானா விழுந்திருக்கும்" என்ற உத்தமர். அன்றோடு அவரிடம் பேச்சு நின்றது.

அவர்களுக்கு இது வேடிக்கை. என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலையில் டயாலிசிஸ். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த நாற்காலி அடுத்த நோயாளிக்கு. டாக்ஸிக்காரன் வருகிறேன் என்பான். நாம் படியிறங்கிய பிறகு ரத்து செய்வான். கார் கிளம்பியே ஆக வேண்டும்.

மார்ச் 5, புதன்

எனக்கென்று ஒரு கேபிள் வாங்கப் போனேன். "தடிமனப் பாருங்க சார், விரல் மொத்தம்" என்றான் கடைக்காரன். முனையைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். தோல்தான் தடி, சரக்கு கிடையாது. எங்கள் கல்லூரி முதல்வரைப் போல. எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவியைத் தன் மைத்துனனுக்குக் கொடுத்தாரே, அவர்தான்.

வேறொரு கடையில் அசல் செம்பு கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

மனைவி கேட்டாள்: "இதுக்கு இன்னொரு வண்டி வேணுமே. யாரைக் கேப்பீங்க? இந்தக் கட்டடத்துல நீங்க பேசுற ஆளுன்னு ஒருத்தரச் சொல்லுங்க."

கேபிளைச் சுருட்டினேன். எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. செயலாளர் ரிப்பன் வெட்டினார். ஒரு பேட்டரிக்கு ரிப்பன்! படமெடுத்த பிறகு அது வாட்ச்மேன் அறைக்குப் போனது.

மார்ச் 21, வெள்ளி

காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்' சத்தம். அவ்வளவுதான். செவ்வாயன்று பின் இருக்கையில் ரிப்போர்ட்டைத் தேடியபோது போட்ட விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. மனைவி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு டாக்ஸி ரத்தானது.

சரி, வெறுப்பை விழுங்கிவிட்டு ஆரஞ்சுப் பெட்டியைக் கேட்டேன். வாட்ச்மேன் குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்தி வந்தார். பொத்தானை அழுத்தினேன். ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை.

"சார்ஜ் போடலையா?"

"எங்க சார் போடறது? நான் போன் சார்ஜ் போடறேன்னு செயலாளர் சார் பிளக் பாயின்ட்டுல டேப் ஒட்டிட்டாரு. வந்த நாள்லேர்ந்து சும்மாதான் கெடக்கு."

பொதுக் கரண்டைச் சேமிச்சாராம்! அடப்பாவி, பேட்டரிய உயிர்ப்பிக்கிற பெட்டியையே பட்டினி போட்டிருக்கானே — இவனையெல்லாம் யார் செயலாளராக்கினது? கை தூக்கினது யாரு? நானுந்தானே.

கேபிளை வெளியே எடுத்தேன். மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். எங்கள் காரைத் தவிர அந்த நேரத்தில் அடித்தளத்தில் நின்றது ஒரே ஒரு கார். பல் டாக்டருடையது. கேபிளைப் பிடித்தபடி நின்றேன்.

மனைவி கண்ணாடியை இறக்கினாள். "போய்க் கேளுங்க. உங்க மானத்தவிட என் ரத்தம் பெரிசு."

போனேன். மணியடித்தேன். தூக்கம் கலையாத முகம்.

"என்ன சார், கண்ணாடிப் பஞ்சாயத்தா?"

"பேட்டரி. அவளுக்கு இன்னிக்கு டயாலிசிஸ்."

சட்டைகூட மாற்றாமல், செருப்பில்லாமல் இறங்கினார். வண்டியை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். "பானெட்டத் தொறங்க சார். தொறங்கன்னு சொல்றது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை."

கடைசிக் கறுப்புக் கிளிப்பை என் பேட்டரியில் மாட்டப் போனார். அங்கே வேண்டாம், பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் மாட்டினார். இந்தக் கட்டடத்தில் என் சொல்லைக் கேட்ட முதல் ஆள் இவரா! அதுதான் எரிச்சல்.

கார் உறுமியது. மருத்துவமனையில் நர்ஸ், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அடுத்தவரை உக்கார வச்சிருப்பேன் சார்" என்று கடிந்துகொண்டே ஊசியை எடுத்தாள்.

பல் டாக்டருக்கு நன்றி சொன்னேன். உடைந்த கண்ணாடி வேறு விஷயம். அது அப்படியே இருக்கிறது.

மார்ச் 22, சனி

லிஃப்டில் செயலாளர்: "சார்ஜ் போட்டு வைக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். படிச்சவங்க."

மார்ச் 23, ஞாயிறு

அறிவிப்புப் பலகைக்கு ஒரு பக்கம் எழுதினேன். பெட்டி மோசமில்லை, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தால்தான் பெட்டி, இல்லையென்றால் செங்கல். கூடவே செம்புக் கேபிள் ஒன்று வாங்குங்கள், முனையைச் சுரண்டிப் பார்த்து. கிளிப் மாட்டும் வரிசை இது. வாட்ச்மேன் அறையின் டேப்பைப் பிரியுங்கள்.

முதலில் எழுதியது மூன்று பக்கம். அதில் இரண்டு பக்கம் செயலாளருக்கான அர்ச்சனை. நல்ல அர்ச்சனை, வீணாக்க மனமில்லை. மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். "பேரே போட வேண்டாம். இப்படித் திட்ட இங்க வேற யாருக்கு வரும்?"

என் பெயரைப் பார்த்தால் "வாத்தியார் புலம்பல்" என்று தாண்டிப் போவார்கள். டேப் அப்படியே ஒட்டியிருக்கும். அடுத்த முறை இன்னொருவர் வீட்டு நோயாளி காரில் உட்கார்ந்திருப்பார்.

அர்ச்சனையை அடித்தேன். மிச்சத்தைத் தட்டச்சு செய்துவிட்டேன். பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை. விடிந்ததும் ஒட்டிவிடுகிறேன்.