பெரிய கார்புரேட்டரும் காது மெஷினும்

ஏங்க, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு. க்ரூஸர் பைக் சாவியைத் தேடாதீங்க, மெக்கானிக்கிட்ட குடுத்துட்டேன்.

"பெரிய கார்புரேட்டர் போட்டா வண்டி சிங்கமா உறுமும்"னீங்க. "இருமுதே"ன்னேன். "உனக்கென்ன தெரியும்"னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. காது மெஷினை அலமாரியில போட்டுட்டு, சத்தத்தைக் கேட்டு ட்யூன் பண்ற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். தெருவே காதைப் பொத்திக்குது, நீங்க "இப்ப கச்சிதம்"ங்கறீங்க.

சாயங்காலம் மெக்கானிக் வருவார். மெஷின் உங்க காதுல இருந்தாத்தான் சாவியைத் தருவார். அப்புறம் எந்தத் திருகை வேணும்னாலும் திருப்புங்க. இல்லேன்னா பழைய சின்ன கார்புரேட்டரையே மாட்டிட்டுப் போயிடுவார்; பேசி வெச்சாச்சு.

இருமல் நின்னா, பின்னாடி உட்கார்ந்து வரேன்.

ஓரத்துல இன்னொண்ணு: நேத்து வண்டி மேல உட்கார்ந்திருந்தீங்களே, "இந்த வயசுலயும் அழகாத்தான் இருக்கீங்க"ன்னேன். "பெட்ரோல் காலையிலயே போட்டாச்சு"ன்னீங்க.