மழைக்காக எடுத்த லீவு

எங்கே இருந்தாலும் குடை பிடிக்காமல் நனைந்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

என்னங்க, நல்லா இருக்கீங்களா? இப்படிக் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. போனை எடுத்ததும் கேட்டுப் பழகிய கேள்வி, தானாக வந்துவிடுகிறது. நம் அல் ஐன் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். பொங்கல் விழாவுக்கு மைக் செட் கட்டி, நாற்காலி அடுக்கி, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு ரசம் மிச்சம் இருக்கா என்று வந்து நிற்கிற ஆளாகத்தான் அவர்களுக்கு உங்களைத் தெரியும். அதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு உங்களிடம் வேறு பேச்சு இருக்கிறது. நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

விஷயம் இதுதான். உங்கள் தம்பி செந்தில் நம் அபியைத் தத்துக் கேட்டார். பஹ்ரைனுக்குக் கூட்டிப்போய், ஈசா டவுனில் தன் வீட்டில் வைத்து, தன் மகளாகவே வளர்க்கிறேன் என்றார். கேட்டது ஆகஸ்டில். கேட்ட இடம், வேல்ஸ் கடற்கரையில் நீங்கள் புக் பண்ணிவைத்த அந்தக் கேரவன். அவருக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அது சரியா தப்பா என்று உங்களிடம் பேசாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆமாம், நாங்கள் போனோம். மே மாதத்தில் டியூட்டி முடிந்து வந்து, வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்த நீங்கள் நிமிரவே இல்லை. செந்திலும் அவர் மனைவி கலாவும் அன்றைக்கே பஹ்ரைனிலிருந்து பறந்து வந்தார்கள். நமக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்ததும் அவர்தான். எல்லாம் முடிந்து நான் தலை நிமிர்ந்து பார்க்கும்போது, இரண்டு குடும்பமும் சேர்ந்து போகிற வேல்ஸ் பயணத்துக்கு விசா குத்தி வந்திருந்தது. கோவில்பட்டியிலிருந்து உங்கள் அக்கா போன் போட்டார்கள். "வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஊர் சுத்தக் கிளம்பிட்டியாக்கும்?" என்றார்கள். நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். அபிதான், "அப்பா புக் பண்ணது" என்று சொல்லிவிட்டு, போய் அவளுடைய பையை எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

நமக்கு லீவு என்றால் கோவில்பட்டி. இந்த வெயிலிலிருந்து அந்த வெயிலுக்கு. காதுகுத்து, கல்யாணம், வீட்டு வரி, பேங்க் என்று அலைந்துவிட்டு, அலுப்புத் தீரத் தூங்குவதற்கு அல் ஐன் வந்து சேர்வோம். இங்கே எப்போதாவது நாலு தூறல் விழுந்தால் போதும், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு யல்லா யல்லா, கிளம்பு கிளம்பு என்று எங்களைக் காரில் ஏற்றி மலைப்பக்கம் கூட்டிப்போவீர்கள். போய்ச் சேர்வதற்குள் ரோடே காய்ந்திருக்கும். "ஒரே ஒரு லீவ மழைக்குன்னு எடுக்கணும் சுமதி" என்பீர்கள். உங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரர், எங்கள் ஊரில் கோடையிலும் மழைதான் என்று சலித்துக்கொண்டாராம். அதைக் கேட்டு அந்த ஊருக்கே டிக்கெட் போட்ட மனுஷன் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேரவன் ஓடாதுங்க. நீங்களும் செந்திலும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு கடலோரமாகவே போவதாக ராத்திரி பகலாகப் போனில் திட்டம் போட்டீர்களே, அது ஓடுகிற வண்டியே இல்லை. கட்டைமேல் தூக்கி வைத்து, சக்கரம் தெரியாமல் சுற்றிலும் பலகை அடித்திருக்கிறார்கள். தகரப் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கிறது. செந்தில் சாவி வாங்கப் போய், "ஸ்டியரிங் எங்க?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். அவர் தனியாக நின்றார்.

மழை மட்டும் நீங்கள் கேட்டபடியே கிடைத்தது. இறங்கிய நேரத்திலிருந்து நசநசவென்று ஒரே பெய்யல். சாவி கொடுக்கிற பெரியவர் தினமும் காலையில், மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும் என்பார். கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, எல்லாம் ஒரே சாம்பல். நான் எடுத்துப்போனது பருத்திச் சேலையும் நைட்டியும் கூலிங் கிளாஸும். ஆகஸ்டில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நம் பில்டிங்கில் யார் நம்புவார்கள்? காயப்போட்ட துணி கடைசிவரை காயவே இல்லை. அபி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மூச்சுக்காற்றில் மங்கும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியதெல்லாம் எஸ், நோ, ஓகே. மே மாதத்திலிருந்தே அப்படித்தான்.

அவளை முதலில் சிரிக்க வைத்தது கலா. சாம்பாருக்குத் தாளிக்கிறேன் என்று கடுகும் வற்றலும் போட்டாள் பாருங்கள், கூரையில் இருந்த புகை அலாரம் காது கிழியக் கத்த ஆரம்பித்தது. கலா கரண்டியோடு நாற்காலிமேல் ஏறித் துண்டை விசிற, செந்தில் கதவைத் திறக்க, மழை அப்படியே உள்ளே அடித்தது. பக்கத்துக் கேரவன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தி, ஒன்ஸ் மோர்!" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று ஒன்று தைத்தது. இத்தனை மாதம் நான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு இவளுக்கு எப்படி வந்தது என்று பொறாமைதான், வேறென்ன?

மறுநாள் மத்தியானம் செந்தில் பேச்சை எடுத்தார். அபி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள் அறையில் படுத்திருந்தாள். அறை என்றால் என்ன, நடுவில் ஒரு அட்டை. கலா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

"மதினி, தப்பா நினைக்கக் கூடாது. அபிய எங்ககிட்ட விட்டுருங்க" என்றார். "அங்க இந்தியன் ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு, இதே சிலபஸ். வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. அண்ணன் விசா இல்லாம நீங்க எத்தனை நாள் அல் ஐன்ல ஓட்டுவீங்க?"

"அனுப்பி வைக்கிறதுல என்ன தம்பி? வருஷா வருஷம் வரட்டும்" என்றேன்.

"அப்படி இல்ல மதினி. என் விசால சேக்கணும்னா அண்ணன் மகள்னு சொன்னா நடக்காது. முறையாத் தத்து எழுதி, பாஸ்போர்ட்ல அப்பா பேர என் பேருக்கு மாத்தணும். விசாரிச்சிட்டேன். நீங்க ஊர்ல நிம்மதியா இருங்க. லீவுக்கு லீவு பாத்துக்கலாம்."

லேபர் கேம்பில் இருக்கிற ஆம்பளைகள் லீவுக்கு லீவு பிள்ளையைப் பார்க்கிறார்களே, அப்படி நான் பார்க்க வேண்டுமாம். ஆனாலும் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் கம்பெனி கொடுத்திருக்கிற அவகாசம் முடியப்போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் படித்த பி.காமை வைத்து நானும் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கிடைக்கிற வேலையில் நான் ஒருத்தி ஷேரிங் ரூமில் இருக்கலாம், பிள்ளையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

அப்போது உள் கதவு திறந்தது. ஹெட்போன் அபி கழுத்தில் கிடந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"சித்தப்பா, பாஸ்போர்ட்ல நேம் சேஞ்ச் பண்ணா, எங்க அப்பா எனக்கு யாரு?"

 உங்களை எரித்த அன்றுகூட செந்தில் முகம் அப்படிப் போகவில்லை.

"அப்போ அம்மா?" என்றாள்.

"பெரியம்மா" என்றாள் கலா.

குழந்தை கேட்டால் பட்டென்று பதில் சொல்வோமே, அப்படிச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பதிலை அவள் அப்போது யோசித்துச் சொல்லவில்லை, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். எனக்கு அது புரிந்தது, எனக்குப் புரிந்தது என்று அவளுக்கும் புரிந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கடற்கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. கலா குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். காற்றில் குடை மடங்கிப்போனது. இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்க மாட்டேன்" என்றாள். "அத்தான் போன அன்னைக்கே எனக்கு அந்த நெனப்பு வந்துருச்சு. எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க, நானும் அழுறேன், கண்ணு மட்டும் அபி மேலயே இருக்கு. நான் பாவிக்கா."

அவளுக்கு மூன்று முறை தங்கிக் கலைந்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சும்மா கிடக்கிற அறைக்கு முதல் தடவையே மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். அவளைத் திட்ட எவ்வளவோ வார்த்தை வைத்திருந்தேன். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிவந்து தலையைத் துவட்டச் சொன்னேன்.

மிச்ச நாளெல்லாம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சீட்டு விளையாடினோம். மழையும் விடவில்லை. கிளம்பும்போது செந்தில், "அவசரம் இல்ல மதினி, யோசிச்சு சொல்லுங்க" என்றார். ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்போது அபி என்னைப் பார்க்காமல், ஷூ நாடாவைக் கட்டியபடி சொன்னாள்: "அம்மா, எனக்கு ஓகேதான். நான் சித்தி வீட்டுக்குப் போனா உனக்கு டென்ஷன் இருக்காதுல்ல?"

பதினோரு வயசுப் பிள்ளை. எனக்கு வழி விடுகிறதாம். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீங்கள் இருந்து, உங்கள் தம்பி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தம்பி ஆசைப்பட்டான் என்று போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற ஆள் நீங்கள். "அவளுக்கு நல்லதுதான் சுமதி, குடுத்துருவோம்" என்பீர்களோ? அபியின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் இருக்கிற பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் உங்களைக் கேட்டேன். 

போன வாரம் செந்திலுக்கு நானே போன் போட்டேன். "தம்பி, என்னால முடியல. அபிய நான் ஊருக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.  "சரி மதினி. அண்ணன் பேரே இருக்கட்டும்" என்றார். கலாவிடம் கொடுங்கள் என்றேன். அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். அன்றிலிருந்து கலா என்னைக் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஒரு தங்கச்சியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஸ்கூலில் இந்தப் பருவம் முடிந்ததும் நாங்கள் விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்கே போகிறோம். ஊர், ஊர் என்று உருகுகிற ஆள் நானில்லை, உங்களுக்கே தெரியும். அங்கே பாதியில் நிற்கிற வீடு, உங்கள் அக்காவின் பேச்சு, வேலை தேடுகிற நான். தமிழில் தன் பெயரைத் தவிர எதையும் எழுதத் தெரியாத பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்களோ? விஷயத்தைச் சொன்னதும் அபி, "ஓகே" என்றாள். பிறகு தன் சிநேகிதிக்குப் போன் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கிடைக்க இருந்த நல்ல பள்ளிக்கூடத்தையும் அந்த மஞ்சள் அறையையும் நான்தான் தட்டிவிட்டேன். இது நல்லதுக்குத்தான் என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

அதனால் உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். வளர்ந்த பிறகு ஒருநாள் அவள் கேட்பாள், ஏம்மா என்னை அனுப்பவில்லை என்று. கேட்காமல் இருக்க மாட்டாள். அப்போது அப்பா பெயரைக் காப்பாற்றத்தான் என்று உங்களை இழுக்க மாட்டேன். அப்பா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று பொய்யும் சொல்ல மாட்டேன். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, ஒரே வார்த்தையில் என்னைப் பெரியம்மா ஆக்கினார்கள், என்னால் தாங்க முடியவில்லை, உனக்காக இல்லை, எனக்காகத்தான் உன்னை விடவில்லை என்று சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அபியின் அம்மா
சுமதி