பொங்கல் துடுப்பும் பம்பாய் மாத்திரையும்

கோம்பை
6-2-46

அன்பு மகள் ராஜாத்திக்கு ஆத்தா எழுதுவது. இங்கே குலசாமி புண்ணியத்தில் எல்லோரும் சுகம், பம்பாய்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. உன் ஆஸ்பத்திரியிலிருந்து நீ அனுப்பிய மாத்திரையை விடாமல் தின்கிறேன். உடம்பெல்லாம் தீயாக எரிந்த காந்தலும் வேர்வையும் போய்விட்டன, நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிட்டது, கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது. இருதயத்துக்கும் இது நல்லது என்று உங்கள் பெரிய டாக்டர் நினைக்கிறார் என்று எழுதியிருந்தாய். நினைப்பது இருக்கட்டும், தெரிந்துகொண்டு சொல்லச் சொல், இருதயம் என்னுடையதல்லவா.

ஆனால் தாயி, ஒன்றை நீ எழுதாமல் விட்டுவிட்டாய். போன வருஷம் நின்றுபோன தீட்டு தை பிறந்ததும் திரும்ப வந்துவிட்டது. சிவராத்திரிக்கு நம் குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறவள் தீட்டு நின்றவளாக இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மாதாமாதம் வெளியே உட்கார்ந்து, இந்த வருஷம்தான் பொங்கல் கிளறும் துடுப்பு என் கைக்கு வருவதாக இருந்தது. சாமி காரியத்தில் மறைக்க மனம் வராமல் உன் ஐயாவிடம் சொன்னேன். அவர் என்னவோ தான் சாதித்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு திரிகிறார். பங்காளிகள் கூடி, "அப்ப கருத்தம்மா வைக்கட்டும்" என்று உன் சின்னாத்தாளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாட்டுக் கொட்டத்தில் போய் அழுதேன். மாத்திரையை நிறுத்தியும் பார்த்தேன், காந்தலும் படபடப்பும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. சாமிக்குப் பொங்க ஆள் கிடைக்கும், என் நெஞ்சுக்கு என்னை விட்டால் யார் என்று திரும்பவும் தின்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கருத்தம்மாள் புழக்கடை வழியாக வந்தாள். பெருமை பேச வருகிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளோ கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கும் ராவெல்லாம் காந்துது, நெஞ்சு அடிச்சுக்கிருது, அந்த மாத்திரையில கொஞ்சம் தாங்க" என்கிறாள். தீட்டு வந்துவிடும், பொங்கல் முடியட்டும் என்றேன். "பொங்கலை ஆம்பளைக வச்சுக்கிருவாக, இன்னைக்கே தாங்க" என்று அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, புட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் உடம்புக்கு இது ஆகுமா, எனக்கு இப்படித் தீட்டு வருவது சரிதானா என்று டாக்டரைக் கேட்டு உடனே எழுது, புட்டி பெரிசாக அனுப்பு, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. சாமிக்கு என்மேல் கோபம் இருந்தாலும் உன்னை நன்றாக வைத்திருப்பார். இன்று முதல் உன் ஐயாவுக்குப் பொங்கல் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறேன், உலைக்கு எவ்வளவு தண்ணீர் என்றே தெரியவில்லை அவருக்கு.

உன்னை நினைத்தபடியே இருக்கும் ஆத்தா
மூக்கம்மாள்