கை மட்டும் பாக்கி

மார்ச் 3, ஞாயிறு
ஓவிய வகுப்பில் இனி மனித உருவம். எண்ணெய் வண்ணம், நாலே நாலு டியூப்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் காவி, செங்காவி. மற்றதையெல்லாம் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார் டீச்சர். வீட்டில் மாடல் யார்? வேறு யார், இவர்தான். மாசக் கடைசியில் இவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். அதற்குள் முடித்துக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு
ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடியே குறட்டை. எழுந்ததும் படத்தைப் பார்த்து, "யாரு இந்த செவத்த ஆளு? எனக்குத் தெரியாம எங்க புடிச்ச?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இவர் நிறம் தெரியவில்லையா எனக்கு?

மார்ச் 12
டீச்சர்: "தோல்னதும் எல்லாரும் வெள்ளைக்குத்தான் போறீங்க. முதல்ல அந்த டியூப்பை மூடுங்க."

மார்ச் 17, ஞாயிறு
மூடினேன். செங்காவியில் கறுப்பு, துளி மஞ்சள் காவி — கன்னம் வந்துவிட்டது! கறுப்பும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்குக் கீழே பச்சையாக ஒரு நிழல். இந்த முகத்தில் இத்தனை நிறமா? வெள்ளை கடைசியில் மூக்கு நுனிக்கு மட்டும், ஒரு பொட்டு.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பாவேதான்மா. அதே 'எப்ப எந்திரிக்கலாம்' மூஞ்சி."

சந்தோஷமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

மார்ச் 24
வரையவில்லை. இவர் பெட்டி கட்டுகிறார்.

மார்ச் 30, சனி
கை மட்டும் பாக்கி. மனசு வைத்திருந்தால் இன்றே முடித்திருப்பேன். வைக்கவில்லை. முடித்தால் கிளம்பிவிடுவாரே என்று. அடி அசடே, முடிக்காவிட்டால் மட்டும்?

"ஈரம் காயல, கையும் வரல. எடுத்துட்டுப் போக முடியாதுங்க" என்றேன். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, இருக்கட்டும்."

ஏப்ரல் 1
போய்விட்டார். ஸ்டூலை நகர்த்தவில்லை. மகள் கூட்டும்போது சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு
காலையில் கதவு தட்டும் சத்தம். இவர்! ஒரு போன் இல்லை, ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கையை முழங்கால் மேல் வைத்தார், அன்றைக்கு வைத்த மாதிரியே.

"ம், ஆரம்பி."

"சாப்டீங்களா?"

"மொதல்ல கைய முடி."

மத்தியானம் வரை வரைந்தேன். மணிக்கட்டு, புறங்கை நரம்பு, நாலு விரல், எல்லாம் அழகாக வந்துவிட்டன.

கட்டைவிரலை விட்டு வைத்திருக்கிறேன்.