ஒரே ஒரு ஆமாம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதலாமா, கூடாதா? எத்தனையோ கடிதத்தில் யோசிக்காமல் எழுதிய வரி இது. இன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நீ உன் பிசினஸ் ஸ்கூலுக்கு எழுதியிருப்பதன்படி அவர் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய்ப் படுக்கையில் கிடக்கிறார். நான் பார்க்கிறபடி அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து, கிழிந்த ஷட்டில் வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டே எதிர்வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தொட்டி விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவேன், எப்போது போனைத் திறக்கிறாயோ அப்போது முதலில் இதைப் படி. அப்பாவுக்கு ஸ்ட்ரோக்குன்னு எழுதிட்டேன் கோச்சுக்காதம்மா, யாராவது கேட்டா ஆமாம்னு மட்டும் சொல்லு, ஒரே ஒரு ஆமாம் ப்ளீஸ் என்று எழுதி, கல்லூரிக்கு நீ எழுதிய கடிதத்தையும் கூடவே அனுப்பியிருந்தாய். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு பார்க்கிறவள். அங்கே சாட்சி சொல்கிற ஆமாமை நான் அடுத்த மொழியில் சொன்னால் பதிவாகிவிடும், அப்புறம் அதைத் துடைக்க முடியாது. இன்னொருவர் வாயால் வரும் ஆமாமுக்கே அப்படி நடுங்குகிறவளிடம் என் சொந்த வாயால் ஒன்று கேட்கிறாய்.

உனக்கு மனம் மாறியது தப்பே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் விலக்கிக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்தக் கல்லூரியின் முதல் சுற்றில் விண்ணப்பித்து இடம் வாங்கினாய். கையெழுத்துப் போடும்போதே நான் உன்னிடம், அவசரப்படாதே, நிதானமாக யோசி என்றேன், நீ, அம்மா உனக்கு எதிலயும் சந்தேகம்தான், நான் பிறந்தப்பவே இது நம்ம குழந்தைதானான்னு நர்ஸைக் கேட்டிருப்பே என்று சிரித்தாய். பிறகு ஒரு விண்ணப்பத்தை மட்டும் விலக்காமல் வைத்திருந்திருக்கிறாய், அந்தப் பெரிய கல்லூரி இப்போது வா என்கிறது. ஆசை யாருக்கும் வரும். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை, என் மனம் மாறிவிட்டது, மன்னித்து விடுவியுங்கள் என்று எழுதியிருந்தால் திட்டுவார்கள், விட்டும் விடுவார்கள். அந்த ஒரு வரி எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வர முடியாது என்று சொல்ல நல்ல மனுஷனைப் படுக்கையில் தள்ளிவிட்டாய்.

இனிமேல்தான் முக்கியமானது. அவர்கள் உன் கடிதத்தைச் சந்தேகப்படவில்லை, நம்பிவிட்டார்கள். இன்று மதியம் மொழிபெயர்ப்பாளர் அறையில் இருந்தபோது ஒருவர் கூப்பிட்டார். நீ வாக்குக் கொடுத்த கல்லூரியில் முன்பு படித்தவராம், இங்கே பாலம் கட்டுகிற நிறுவனத்துக்குப் புதிதாக மேலாளராக வந்திருக்கிறாராம். சேர்க்கை அலுவலகத்துல சொன்னாங்கம்மா, வீட்டுக்கே போய் ஐயாவைப் பார்த்து ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னாங்க, நாளைக்கு வரட்டுங்களா என்றார். எங்கப்பாவுக்கும் இதேதாம்மா வந்துச்சு, பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிடுச்சு, நீங்க தைரியமா இருங்க என்று எனக்குத் தேறுதல் வேறு. பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்க என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை.

நாளை அவர் வந்து மணி அடித்தால் நான் என்ன செய்யட்டும், நீயே சொல். அப்பாவை வெளியே அனுப்பலாம் என்றால் ஊரில் பாதிப் பிள்ளைகள் அவரிடம் ஷட்டில் பழகுகிறவர்கள், யாரைக் கேட்டாலும் மாஸ்டரா, காலையிலகூட எங்களைப் பத்து ரவுண்டு ஓடவிட்டாரே என்பார்கள். விஷயத்தை அவரிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை மாடிப்படி ஏறினேன், என்ன முழிக்கிறே, ஆபீஸ்ல எவனாவது திட்டினானா, பேரைச் சொல்லு நான் வர்றேன் என்றார், இறங்கி வந்துவிட்டேன். பொய் வெளியே வந்தால் இந்தக் கல்லூரி அந்தக் கல்லூரிக்குச் சொல்லும், இரண்டும் போகும். உனக்குப் பரிந்துரை எழுதிய உன் மேலதிகாரி என்ன நினைப்பார்? பொய் வெளியே வராவிட்டால், நீ படித்து முடிக்கும்வரை நாங்கள் யாரைப் பார்த்தாலும் பயப்பட வேண்டும். உன்னைக் கெஞ்சுகிறேன். நான் யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், எப்படிச் செய்வது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அவர் வருவதற்கு முன் நீயே எழுதிவிடு, அப்பா நன்றாக இருக்கிறார், நான் சொன்னது பொய் என்று.

சித்தி கூப்பிட்டாள், நீ எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள், வேறு பேச்சுக்குத் தாவினேன். உன் அறை ஜன்னல் கொக்கி உடைந்தது, மாற்றியாயிற்று. பட்டினி கிடந்து யோசிக்காதே, வயிறு காய்ந்தால் உனக்குப் புத்தி இன்னும் வேகமாக ஓடும், அது ஆபத்து. எந்தக் கல்லூரியில் படித்தாலும், படிக்காமலே போனாலும், நீ நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசி. போனைத் திற.

உன் அம்மா

மறுநாள் மாலை. நேற்று அனுப்பிய பக்கங்களை நீ இன்னும் பார்க்கவில்லை. அதனால் நடந்ததை இதிலேயே எழுதுகிறேன். அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அப்பா கதவைத் திறந்து, யாரு தம்பி வேணும் என்று கேட்டுவிட்டார். அவர், ஐயாவைப் பார்க்கணும், உடம்பு முடியாம இருக்காரே என்றார். அந்த ஐயா நான்தான், உடம்புக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உள்ள வாங்க என்றார் அப்பா. வந்தவர் கையில் ஒரு அட்டை. பேச முடியாதவர்கள் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி தண்ணீர், வலி, போதும், ஜன்னல் என்று பெரிய எழுத்தில் எழுதியது, அவருடைய அப்பா உபயோகித்ததாம். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அப்பாவின் முன்னாலேயே. என் மகள் பொய் எழுதிவிட்டாள், காரணம் இன்னொரு கல்லூரி என்றேன். வேலையில் பேசுகிற குரலே வந்தது, அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் கோபப்படவில்லை. நான் ஒண்ணும் எழுத மாட்டேம்மா, ஆனா அவங்க கேட்டா மறைக்கவும் மாட்டேன், பாப்பாவையே எழுதச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்பா அதை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். அவளுக்கு என்னை விட்டா வேற ஆளே கிடைக்கலையாமா என்றார். எந்தப் பக்கம் விழுந்துடுச்சுன்னு எழுதியிருக்கா என்று கேட்டார். வலது என்றேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அப்போ பேட்டும் பிடிக்க முடியாதா என்றார். சிரிக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.