பீரோ நின்ற இடம்

திருநகர், மதுரை – 6
ஆகஸ்ட் 28

அன்பு மகள் ஆன்சிக்கு அப்பா லூர்துராஜ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், எழுதினால் அந்தப் பொய்க்கும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் நான் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம். போனில் வாயைத் திறந்தால் நீயும் உன் தம்பி டோனியும் சேர்ந்து என்னை மடக்குவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படி.

அப்பா வீடியோ பார்த்துத் தரை போட்டார், அம்மா விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள் என்று டோனி இரண்டு வரியில் முடித்திருப்பான். நடந்தது அதுதான், ஆனால் அவ்வளவுதானா. மூட்டு ஆபரேஷன் முடிந்து மார்ச்சில் தல்லாகுளத்துக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வாக்கர் காலு நம்ம தரைக் குழியில மாட்டுதுங்க, அதை மட்டும் அடைச்சு வைங்க, நடக்க ஆரம்பிச்சதும் வந்துர்றேன்" என்றாள். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் போட்ட சிவப்பு சிமெண்டுத் தரை, அங்கங்கே குழி விழுந்துவிட்டது உனக்கே தெரியும். டைல்ஸ் போட்டுவிடலாம் என்றான் டோனி. நனைந்தால் வழுக்கும், இணைப்புக்கு இணைப்பு வாக்கர் தட்டும், முடியாது என்றேன். பழைய தரையின் மேலேயே கால் அங்குலக் கனத்துக்கு ஒரு பூச்சு வருகிறது, ஓவர்லே என்கிறார்கள், வீடு முழுக்க ஒரே பரப்பு, நடுவில் கோடே கிடையாது, வேண்டிய நிறம், வேண்டிய வேலைப்பாடு. ஆள் வைத்துச் செய்யுங்கள் அப்பா என்று நீயும் சொன்னாய், சொல்லிவிட்டுச் சிரித்தாய், அதை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் கிளார்க்காக உட்கார்ந்தவன்தான் நான். ஆனால் இந்த வீட்டுக்கு வயரிங் செய்தது யார், மோட்டார் நின்றால் கழற்றி மாட்டுவது யார், அதெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எதிர்வீட்டு வெங்கடேஷ்பாபுவின் போர்ட்டிகோவில் ஏப்ரலில் நான் போட்டுக்கொடுத்த தரை கல் பதித்தது போல் நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. அவர் மனைவி பிருந்தா அதன் மேல் காரை நிறுத்த விடுவதில்லை, பாவம் அந்த மனுஷன் தெருவில் நிறுத்துகிறார்.

அதனால் துணிந்தேன். பூச்சு போடுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. தரையில் தண்ணீரைச் சொட்டு விட வேண்டும். தரை குடித்துவிட்டால் பூச்சு பிடிக்கும், முத்து மாதிரி உருண்டு நின்றால் பிடிக்காது. நான் அதையும் செய்தேன். ஒரு நிமிஷத்தில் குடித்துவிட்டது. பிறகு அம்மா போன் செய்தாள். "முப்பது வருசமா தேங்கா எண்ண தேய்ச்ச தரைங்க, அதும் மேல எது ஒட்டும்" என்று கேட்டாள். உண்மைதான், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முந்தின வாரம் பழந்துணியை எண்ணெயில் நனைத்து முழங்கால் போட்டு வீடு முழுக்கத் தேய்ப்பாள், நீயும் டோனியும் அதில் சறுக்கி விளையாடி அடி வாங்குவீர்கள். தண்ணீரைக் குடித்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன் என்ற தைரியத்தில், நீ வாக்கரைப் பிடித்து நடந்து பழகு, சிமெண்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கிரைண்டர் வாடகைக்கு எடுத்து மேல்தோலை மட்டும் சுரண்டினேன், ஆசிட் ஊற்றிக் கழுவினேன், காய விட்டேன், பிரைமர் அடித்தேன். அறுபத்தெட்டு வயதில் பன்னிரண்டு நாள் முட்டி போட்டு ஒற்றை ஆளாகப் பூசினேன். சாம்பல் நிறம். ஓரத்தில் சுற்றிலும் திராட்சைக் கொடி, கோயில் பீடத்துத் துணியில் அம்மா தைப்பாளே அதே கொடி. அவளுக்கு அதைச் சொல்லவில்லை, வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஜூலையிலேயே அடுப்படி வாசலில் நடந்தால் சத்தம் வேறு மாதிரி வந்தது. உள்ளே ஒன்றுமில்லாத டப்பா மேல் நடப்பது போல. எனக்குக் கேட்டது ஆன்சி. கேட்டும் அந்த இடத்தில் ஒரு கால்மிதியடியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள், டோனிக்கும் லீவு, பூசை முடிந்து அம்மாவை நேரே இங்கே கூட்டி வந்தான். உள்ளே வந்ததும் குனிந்து அந்தக் கொடியைத்தான் முதலில் பார்த்தாள். "நம்ம கொடி மாதிரில்ல இருக்கு" என்றாள், ஐந்து மாதத்தில் அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். காபி போட்டுத் தருகிறேன் என்று அடுப்படிக்குத் திரும்பினாள். மிதியடி வாக்கருக்கு இடைஞ்சல் என்று டோனி எடுத்துவிட்டான். வாக்கர் கால் படக்கென்று உள்ளே இறங்கியது, பூச்சு ஓடாக உடைந்து பெயர்ந்தது, நான் பிடிக்குமுன் விழுந்துவிட்டாள். இடது மணிக்கட்டு. ஆஸ்பத்திரி போகும் வரை அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஆட்டோவில் ஒரு தடவை மட்டும், "எண்ண தேய்ச்ச தரைன்னு சொன்னேம்ல" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே டோனி வீட்டுக்கே திரும்பிவிட்டாள், இன்றைக்குப் பதின்மூன்று நாள், என்னிடம் பேச்சில்லை.

டோனி உசிலம்பட்டியிலிருந்து தங்கப்பாண்டி என்ற கொத்தனாரைக் கூட்டி வந்தான். அவன் கரண்டிக் காம்பால் வீடு முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இம்புட்டு அழகா அப்பளம் போட்டு வச்சிருக்கீக, பொரிக்கத்தான் ஆளில்ல" என்றான். டோனி சிரித்தான். கேட்டைக் காட்டி, வேலை இருந்தால் கூப்பிடுகிறேன் போ என்றேன். மறுநாள் நானே உளியை எடுத்து உட்கார்ந்தேன். சுத்தியல்கூட வேண்டியிருக்கவில்லை, நகத்தில் நெம்பினால் தட்டுத் தட்டாக வருகிறது. அடியில் அம்மாவின் சிவப்புத் தரை, நான் கிரைண்டரால் இழுத்த கோடுகளோடு, இன்னும் எண்ணெய் வாசம் அடிக்கிறது. பழையபடி ஆக்கவும் முடியாது, இதன் மேல் எந்தப் பூச்சைப் போட்டாலும் நிற்கவும் நிற்காது. கூடத்தில் பாதி பெயர்த்துவிட்டேன், படுக்கையறையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உளி இறங்கவில்லை. எவ்வளவு ஓங்கி அடித்தும் பாறை மாதிரி நின்றது. உளியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன், பெயிண்டில் பீரோவின் அச்சு. முப்பது வருஷம் அம்மாவின் துணி போகாத இடம் அது ஒன்றுதான். வேலை தொடங்கும்போது முதலில் நகர்த்தியது பீரோவை. அந்த இடம்தான் சுத்தமாக இருந்தது. நான் தண்ணீரைச் சொட்டு விட்டது அங்கேதான்.

இதை டோனியிடம் நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள், வாடகைக்கு விடலாம் என்கிறான். நான் வர மாட்டேன். அம்மாவை அழைத்து வா, நான் டைல்ஸுக்குக்கூடச் சம்மதிக்கிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லி அனுப்பினேன், நான் சம்மதிக்கிறேன் என்று வாயால் சொன்னது எனக்கே புதிது. அதற்கு அவள் சொன்னதாக டோனி வந்து சொன்னது இது: "தரைக்காக இல்லடா. சொன்னாக் கேக்காத மனுசன்கூட இந்த வயசுல விழுந்து விழுந்து எந்திரிக்க எனக்கு எலும்பு இல்ல". பிருந்தா தினமும் கேட்டில் நின்று, சகாயமேரியக்கா எப்ப வாராங்க என்று கேட்கிறாள். டாக்டர் ஆறு வாரம் சொல்லியிருக்கிறார் என்கிறேன். ஆறு வாரம் முடிந்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்று. நீ அம்மாவிடம் பேசும்போது இந்த பீரோ விஷயத்தைச் சொல். எண்ணெயைப் பற்றி அவள் சொன்னதுதான் சரி, நான் பார்த்த இடம்தான் தப்பு என்று சொல். நான் எழுதினேன் என்று சொல்லாதே, நீயாக யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல், உனக்கு அந்த வீடு தெரியும், நம்புவாள். சொன்னால் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்து இதை எழுதவில்லை. வர மாட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு முடிவு சொல்லி ஒரு தடவைகூட மாற்றியதில்லை, அந்தக் குணம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நைட் டூட்டி முடிந்து வந்தால் ஈரத் தலையோடு படுக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர் ஒன்று சொன்னால் முதலில் கேட்டுக்கொள், மறுப்பதைப் பிறகு மறுக்கலாம். இதை டோனி கையில் கொடுக்காமல் நானே தபாலாபீஸ் போய்த் தபால்தலை ஒட்டிச் சேர்க்கிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மாதா உன் கூடவே இருப்பாளாக.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. லூர்துராஜ்

ஞாபகம் வைத்துக்கொள்: டிசம்பரில் லீவுக்கு வரும்போது நேரே தல்லாகுளம் போய் அம்மாவுடன் தங்கு. என்னைப் பார்க்க இங்கே ஒரு நாள் வந்தால், படுக்கையறையில் பீரோ நின்ற இடத்தில் நின்று பேசு. மூன்றடிக்கு ஒன்றரை அடி இருக்கும். மற்ற இடத்தில் கால் வைக்காதே.