ஏழு கல் தோடும் துர்கா சொன்ன பாலும்

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். எனக்கு அவமானமாக இருக்கும் இடங்களையும் விட மாட்டேன். எழுத முடியாத நாளில் வெறும் தேதியை மட்டும் போடுவேன். பொய் எழுத மாட்டேன்.

இந்த நோட்டு கட்டுரைப் போட்டியில் கிடைத்த இரண்டாம் பரிசு. முதல் பரிசு டிபன் பாக்ஸ். தப்பித்தேன்.

என் பெயர் சுடர்விழி, பதினொன்றாம் வகுப்பு. (நாட்குறிப்பில் பெயர் எதற்கு? நோட்டு தொலைந்துபோனால்?) அப்பா ஆறு அறைகள் உள்ள விடுதி நடத்துகிறார். கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. பின்கட்டில் நாங்கள் இருக்கிறோம். நாங்கள் என்றால் ஜூன் மாதத்திலிருந்து அப்பாவும் நானும் மட்டும்.

ஜூனில் அம்மா இறந்தாள். இதை எழுதும்போது ஏதாவது ஆகும் என்று பேனாவை நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது.

வலிக்கிற ஒரே இடம் காது. அம்மாவின் ஏழு கல் வைரத் தோடு என் காதில் நுழையவில்லை. அதன் தண்டு பழைய காலத்துத் தடிமன். என் ஓட்டையோ நகைக்கடையில் துப்பாக்கி வைத்துக் குத்தியது. அதனால் ஈர்க்கு செருகி ஓட்டையைப் பெரிதாக்குகிறேன். இன்று வலது காதில் மூன்று, இடது காதில் இரண்டு. பள்ளியில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கம்மல் தொலைந்த எல்லோர் காதிலும் ஈர்க்குதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

துர்கா சித்தி 18ஆம் தேதி வருகிறாள். அம்மாவின் ஒரே தங்கை. அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் நர்ஸ். அப்பா சாப்பிடும்போது சொன்னார், "பதினாறு நாள் லீவு கெடச்சிருக்காம்." அப்புறம் மோரை ஊற்றிக்கொண்டார்.

அம்மாவும் சித்தியும் ஐந்து வருஷம் பேசவில்லை. காரணம் தோடுதான். அது அவர்களுடைய அம்மாவின் தோடு. அக்காவுக்குக் கல்யாணத்தில் அட்டிகை போட்டாயிற்று, தோடு தங்கைக்கு என்று பேச்சு. ஆனால் கொரோனா சமயத்தில் அவர்கள் அம்மா இறந்தபோது சித்தியால் வர முடியவில்லை. காரியத்தை போனில் பார்த்தாள். அந்த வீடியோவிலேயே தோடு அம்மா காதில் இருந்தது. அதன் பிறகு சித்தி பேசவில்லை. அம்மாவும் கழற்றவில்லை.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். தாலியை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா கையெழுத்துப் போடப் போனார். தோட்டைக் கழற்றி என் கையில் வைத்து அம்மா சொன்னது: "இத துர்காகிட்ட குடுத்துடு. நான் எடுத்துக்கினது தப்பு. மறக்காம சொல்லு." சாயங்காலம் தயிர் வாங்கி வை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் இல்லை.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 10, புதன்

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை. வலது காதில் நான்கு.

டிசம்பர் 14, ஞாயிறு

பார்வதி அத்தை அரியாங்குப்பத்திலிருந்து வந்து, அப்பாவை உட்கார வைத்துப் பேசினாள். "தோடு சுடருக்குத்தான். பொண்ணு இருக்கும்போது தங்கச்சிக்கு எப்படிப் போவும்? அயர்லாந்துக்காரி கேட்டா நீ வாயே தெறக்காத. நான் பேசிக்கிறேன்." அப்பா, "அவ கேக்க மாட்டாக்கா" என்றார். என்னைப் பார்த்து, "உங்கம்மா உன் கையிலதானே குடுத்தா?" என்றார்.

"ஆமாம்" என்றேன். இது பொய் இல்லை. அதுதான் மோசம்.

அத்தை போன பிறகு அம்மாவின் சமையல் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விடுதியில் தங்குகிறவர்களுக்கு அம்மா ஒரு பானம் செய்து சின்னத் தம்ளரில் கொடுப்பாள். அயர்லாந்து கிரீம் என்று விருந்தினர்கள் சொல்வார்கள். நோட்டில் தலைப்பு 'துர்கா சொன்ன பால்'. சுண்டக் காய்ச்சிய பால், கண்டன்ஸ்டு மில்க், டிகாஷன், கோகோ, வெனிலா, கடைசியில் விஸ்கி. பக்கத்தில் பென்சிலில்: 'டிகாஷனோடு விஸ்கியைச் சேர்த்து, பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விடவும்.'

அம்மா ஒரு சொட்டுகூட வாயில் வைத்ததில்லை. நிறத்தையும் வாசனையையும் பார்த்தே இறக்கிவிடுவாள். இந்த வருஷம் நான் செய்கிறேன் என்றேன். அப்பா யோசித்து, "விஸ்கிய நான் ஊத்தறேன். நீ கிண்டு" என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

சித்தி வந்தாள். அம்மாவைவிட உயரம், நரை அதிகம். என் கன்னத்தில் கை வைத்து, "வளந்துட்ட" என்றாள். கை ஜில்லென்று இருந்தது. அம்மா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அது தோடு போட்டிருக்கும் படம். சித்தி காதில் மிளகு அளவு கம்மல்தான் போட்டிருக்கிறாள்.

எனக்குச் சாக்லேட், அப்பாவுக்கு ஸ்வெட்டர். டிசம்பரிலும் மின்விசிறி ஓடும் ஊருக்கு ஸ்வெட்டர். அப்பா போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றினார்.

டிசம்பர் 21, ஞாயிறு

முழுதாக எழுத வேண்டும்.

காலையில் நானும் அஞ்சலாட்சி அக்காவும் சமையலறையில் இருந்தோம். (விடுதியில் சமைப்பவர் அவர்தான். வீராம்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவார்.) விஸ்கியும் டிகாஷனும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன. சித்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது, ரசமா?"

"விஸ்கி, சித்தி. பச்ச வாசனை போகணும்."

சித்தி என்னைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! விஸ்கிய யாராவது கொதிக்க வெப்பாங்களா? போதை பூரா ஜன்னல் வழியா காக்காவுக்குல்ல போயிருக்கும்!"

அஞ்சலாட்சி அக்கா கரண்டியோடு திரும்பினார். "அதான பாத்தேன்! இந்த வெள்ளக்காரங்க நாலு தம்ளர் குடிச்சிட்டும் நேரா நடந்து ரூமுக்குப் போறாங்களேன்னு!"

நான் நோட்டைக் காட்டினேன். சித்தி சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். தலைப்பைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"பத்து வருஷம் முன்னாடி போன்ல சொன்னேன்" என்றாள். "நாங்க பேசாம இருந்தப்பவும் பண்ணாளா?"

"எல்லா வருஷமும் பண்ணாங்க."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே... சூடே காட்டக் கூடாதுன்னு."

அஞ்சலாட்சி அக்கா கருவேப்பிலை வாங்கவேண்டும் என்று வெளியே போனார். கருவேப்பிலை கூடையிலேயே இருந்தது. சித்தி பென்சில் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள், "சுடர், கடைசில அக்கா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

நான் "இல்ல சித்தி" என்றேன்.

அடுப்பை அணைத்தேன். கரண்டியைக் கழுவினேன். துடைத்தேன். மாட்டினேன்.

டிசம்பர் 22, திங்கள்

டிசம்பர் 24, புதன்

சித்தி முறைப்படி செய்து காட்டினாள். எல்லாம் ஆறிய பிறகு மிக்சியில் ஒரு சுற்று, விஸ்கி கடைசியில், அடுப்புப் பக்கமே போகக் கூடாது. அப்புறம் ஐரிஷ் காபி. சர்க்கரை போட்ட சூடான காபியும் விஸ்கியும். அதன் மேல் ஸ்பூனின் முதுகு வழியாக கிரீமை மெதுவாக விட்டால் மிதக்க வேண்டும். நான் விட்ட இரண்டு தம்ளரும் மூழ்கின. ஊர்ச் சூட்டில் கிரீம் இளகிவிடுகிறதாம். ஐஸில் வைத்து எடுத்த பிறகு மிதந்தது. குழந்தைகளுக்குப் புதினாவும் பச்சைக் கலரும் போட்டு விஸ்கி இல்லாமல் ஒன்று. "அயர்லாந்துல இதக் குடிப்பாங்களா சித்தி?" என்றேன். "அங்க டீதான் குடிப்பாங்க. இதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு" என்றாள்.

மூன்றாம் அறைக்காரர் இரண்டாவது தம்ளரோடு படியில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார். ஜூனுக்குப் பிறகு இப்போதுதான்.

சித்தி என்னிடம் மிக அன்பாக இருக்கிறாள். அவள் கோபமாக இருந்தால் நன்றாக இருக்கும்.

டிசம்பர் 26, வெள்ளி

வலது காது பழுத்துவிட்டது. தலை வாரும்போது சித்தி பார்த்தாள்.

"என்னடி செருகியிருக்க?"

"ஈர்க்கு."

"எங்கேர்ந்து எடுத்த?"

"தொடப்பத்துல."

"தொடப்பத்துலயா! படிக்கிற பொண்ணாடி நீ?"

வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு ஈர்க்காக எடுத்தாள். ஆறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டாள். தோடு என்றேன். பஞ்சு நின்றது. பிறகு மறுபடி துடைத்தாள்.

"லூசு. அதுக்கு காத ஏன் கெடுத்துக்கிற? தண்ட மாத்திட்டா போச்சு. புண் ஆறட்டும், அதுக்குள்ள ஆசாரிகிட்ட குடுத்து மெல்லிசா வெச்சிடலாம். அக்கா தோடு உனக்குத்தானே. நானே கூட்டிட்டுப் போறேன்."

திங்கட்கிழமை போகிறோம்.

டிசம்பர் 28, ஞாயிறு

நாளைக்குத் தண்டை மாற்றிவிட்டால் அது என் காதுக்கான தோடு ஆகிவிடும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. சித்தி மறுபடி கேட்க மாட்டாள். பிறகு இந்த நோட்டு மட்டும்தான்.

எனக்கு வேண்டும். அதையும் எழுதுகிறேன். அம்மாவுடையது வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. புடவைகளை அத்தை எடுத்தபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தோடு மட்டும் வேண்டும். ஏன்? அது அம்மாவோடு அசையும். கோபம் வந்தால் அதில்தான் முதலில் தெரியும்.

ஆனா அம்மா எங்கிட்ட குடுத்தது எனக்கில்லையே.

டிசம்பர் 29, திங்கள்

சக்கரபாணி ஆசாரியின் கடை நேரு வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில்தான். அவர் தோட்டைத் திருப்பிப் பார்த்து, "இந்தத் தண்டுக்கு மாட்டுக்கு மூக்கு குத்தற மாதிரி குத்தியிருக்கணும்மா" என்றார். சித்தி சிரித்தாள். "அறுத்துட்டு மெல்லிசா ஒண்ணு பத்த வெச்சிடறேன். ரெண்டும் அரை மணி நேரம். டீ குடிச்சிட்டு வாங்க."

ஒரு தோட்டைக் குறட்டில் பிடித்தார். நூல் மாதிரி ரம்பத்தை எடுத்துத் தண்டின் மேல் வைத்தார்.

"வேணாம்" என்றேன்.

"வலிக்காதும்மா, இது உன் காது இல்ல."

"வேணாம். அறுக்காதீங்க. சித்தி, நான் பொய் சொன்னேன். அம்மா சொன்னாங்க. இது ஒங்களுக்கு. ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க, நான் எடுத்துக்கினது தப்புன்னு சொன்னாங்க, மறக்காம சொல்லுன்னாங்க, நான் மறக்கல சித்தி, நான் சொல்லல—"

ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையோ தேடுவது போலக் குனிந்தார்.

சித்தி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், நர்ஸ் கேட்பது போல: "எப்போ சொன்னா? மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. நகை கழட்டும்போது."

"நல்லாத் தெரியுமா? தெளிவா இருந்தாளா?"

"தெளிவா இருந்தாங்க. நர்ஸ் வந்து பேர் கேட்டப்ப அப்பா பேரையும் சேத்து சொன்னாங்க."

சித்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஆறு மாசம்" என்றாள். பிறகு ஆசாரியிடம், "அப்படியே குடுத்துடுங்க அண்ணே" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால்.

டிசம்பர் 30, செவ்வாய்

சித்தி என்னிடம் பேசவில்லை. காதுக்கு மருந்து போட்டாள். பேசவில்லை.

டிசம்பர் 31, புதன்

ஆறு அறையும் நிறைந்துவிட்டது. இரண்டு மடங்கு செய்தோம். நான் கலக்க, சித்தி வடிகட்டினாள். சாயங்காலம் உடை மாற்றிக்கொண்டு வந்தபோது அவள் காதில் தோடு இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்த அப்பா வாசற்படியில் நின்றுவிட்டார். சித்தி, "மாமா, இது அக்கா எனக்குக் குடுத்தது" என்றாள். நான் சொல்லாமல் இருந்ததை அவள் சொல்லவில்லை. ஆகவே நானே சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "கிரீம் உருகுது, கொண்டு போ" என்றார்.

ஜனவரி 3, சனி

சித்தி கிளம்பினாள். கார் கதவை மூடுவதற்கு முன் என் காதைத் திருப்பிப் பார்த்து, "ஆறிடுச்சு. இனிமே எதையும் செருகாத" என்றாள். அணைத்துக்கொள்ளவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கார் திரும்பும்போது தோடு ஒரு தடவை மின்னியது.

ஜனவரி 4, ஞாயிறு

பார்வதி அத்தை விஷயம் தெரிந்து வந்தாள். "வைரத்தத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறியே, ஒனக்குப் படிப்பு எதுக்குடி?" அப்பா, "அக்கா, காபி ஆறுது" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். எட்டு நாளாகச் செய்யவில்லை. அப்பாவிடம் அங்கே மழை, டூட்டி என்று ஏதோ பேசினாள். பிறகு, "அவ இருக்காளா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. நான் சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா போனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சுடர்."

"சித்தி."

"அக்கா சொன்னாளே. அத இன்னொரு தடவ சொல்லு. அவ எப்படி சொன்னாளோ அப்படியே சொல்லு. நீ எதுவும் சேக்காத."

சொன்னேன். இத துர்காகிட்ட குடுத்துடு. நான் எடுத்துக்கினது தப்பு. மறக்காம சொல்லு.

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சித்தி."

"சரி." பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் கேப்பேன். சொல்லுவியா?"

"சொல்றேன்."

வைத்துவிட்டாள். நான் மறுபடி நறுக்கினேன். அஞ்சலாட்சி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, கேரட்டுக்கெல்லாமா கண்ணுல தண்ணி வரும்?" என்றார்.

வரும் என்றேன். அவர் கத்தியை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை அவரே நறுக்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன், ரொம்ப நேரம்.

அப்பா வாசலில் தொங்கிய கலர் விளக்குகளை அணைத்துவிட்டார். சமையலறை விளக்கையும். நான் இந்த விளக்கை அணைக்கிறேன்.